ஒரு குண்டு, இரண்டு நுரையீரல்: விக்டோரியாவில் மான் வேட்டைக்குப் புதிதாகப் போவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேட்டை உரிமம் எடுத்து, முதல் துப்பாக்கிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கும் தமிழர்களுக்கு,

குண்டு பட்ட மான் விரைவாகச் சாவதற்கு இரண்டே வழிகள் உண்டு. மூளையோ தண்டுவடத்தின் மேற்பகுதியோ சிதைந்தால் நின்ற இடத்திலேயே விழும். நுரையீரலோ இதயமோ கிழிந்தால் இரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்று, சில நொடிகளில் நினைவிழக்கும். வேறு எங்கே பட்டாலும் சாவு மணிக்கணக்கில் இழுக்கலாம், நாள்கணக்கிலும் இழுக்கலாம். அடி பட்ட கணத்துக்கும் நினைவு போகும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறைப்பதைத்தான் வேட்டையில் கருணை என்று சொல்ல முடியும். அந்த நேரத்தை முடிவு செய்பவை இரண்டு: குண்டு எங்கே படுகிறது, பட்டபின் உள்ளே என்ன செய்கிறது. துப்பாக்கிக் கடையிலும் முகாம் நெருப்பைச் சுற்றியும் அதிகம் பேசப்படுவதோ துப்பாக்கி எவ்வளவு பெரியது என்பது. வரிசையில் அது மூன்றாவது இடத்துக்கு உரியது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே இங்கே எழுதப்படுவதற்கு அங்கே இடமில்லை. விக்டோரியாவில் மான் வந்தேறிய விலங்கு. 1860-களில், வெளிநாட்டு உயிரினங்களைக் கொண்டுவந்து பழக்குவதற்கென்றே மெல்பர்னில் இயங்கிய ஒரு சங்கம் பல வகை மான்களை இறக்கிக் காட்டில் விட்டது. அவற்றுள் கடமான் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனது. ஈழத்தில் மரை என்றும் தென் தமிழகத்தில் மிளா என்றும் சொல்லப்படும் அதே விலங்குதான். புலியும் சிறுத்தையும் இல்லாத அந்த மலைக்காடுகளில் அது பெருகி, கிழக்கு விக்டோரியா முழுவதும் பரவிவிட்டது. கடமானால் உள்ளூர்த் தாவரங்கள் அழிவதை மாநில அரசே ஓர் அச்சுறுத்தலாகப் பட்டியலிட்டிருக்கிறது. கடமான் வேட்டைக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. உரிமத்தை கேம் மேனேஜ்மென்ட் அத்தாரிட்டி என்ற அரசு அமைப்பு வழங்குகிறது. துப்பாக்கிக்கான உரிமம் தனி. அது காவல்துறையின் கையில்.

முதலில் விலங்கின் உள்ளமைப்பு. கறிக்கடையில் ஆட்டைப் பிளந்து தொங்கவிட்டிருப்பதை உற்றுப் பார்த்தவருக்கு மானின் உடலுக்குள் புதிதாக எதுவும் இல்லை. நெஞ்சுக்கூட்டின் முன்பாதியை இரண்டு நுரையீரல்களும் நிறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே, மார்பெலும்புக்குச் சற்று மேலே, முன்னங்காலின் முழங்கை மட்டத்தில் இதயம் இருக்கிறது. நுரையீரலுக்குப் பின்னால் உதரவிதானம் சரிவாக நிற்கிறது. அதற்கு அப்பால் கல்லீரல், பிறகு இரைப்பை, குடல். அசைபோடும் விலங்கு என்பதால் இரைப்பை மிகப் பெரியது. வயிற்றின் இடப்பக்கம் பெரும்பாலும் அதுவே. வெளியிலிருந்து பார்க்கும்போது உடலின் நடுப்பகுதிதான் பெரிதாகத் தெரியும், கண்ணும் அங்கேயே போகும். அங்கே சுட்டால் கிடைப்பது இரைப்பை. புதியவர்களின் குண்டு வயிற்றில் படுவதற்கு நடுக்கம் ஒரு காரணம் என்றால், மானின் நடுவைக் குறிபார்ப்பது இன்னொரு காரணம்.

முன்னங்காலின் எலும்பமைப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கையிலிருந்து மேற்கை எலும்பு நேராக மேலே போவதில்லை. முன்னோக்கிச் சாய்ந்து மார்பின் முன்முனைக்குப் போகிறது. அங்கிருந்து சப்பை எலும்பு பின்னோக்கிச் சாய்ந்து முதுகை நோக்கி ஏறுகிறது. இரண்டுக்கும் பின்னால், முழங்கைக்கு மேலே, கனத்த எலும்பு எதுவும் மறைக்காத ஓர் இடம் கிடைக்கிறது. அங்கே நுழையும் குண்டுக்குத் தோல், மெல்லிய தசை, விலா எலும்பு ஆகியவைதான் தடை. அதைத் தாண்டினால் நுரையீரல். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வந்து, உடலின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அல்லது அதற்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். கடமானுக்கு நுரையீரல் இன்னும் கொஞ்சம் முன்னால் அடங்கியிருப்பதால், காலின் பின்விளிம்பைவிடக் காலின் நடுக்கோட்டையே பிடிப்பது விக்டோரியாவின் பழைய வேட்டைக்காரர்களின் வழக்கம். இந்தக் குறியைச் சுற்றி நடுத்தர மானுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம் உயிர்நிலைக்குள் அடங்கும். கொஞ்சம் கீழே போனால் இதயம், கொஞ்சம் மேலே போனாலும் நுரையீரல், கொஞ்சம் பின்னால் போனால் நுரையீரலின் கடைப்பகுதியும் கல்லீரலும். பிழை நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் ஒரே குறி இதுதான் என்பதால்தான் பல நாட்டுப் பயிற்சிகளிலும் இதுவே முதற்பாடமாக இருக்கிறது.

உயரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: நுரையீரலுக்கு மேலே, முதுகெலும்புக்குக் கீழே, குண்டு எதையும் தொடாமல் போகக்கூடிய வெற்றிடம் ஒன்று உண்டு என்பார்கள். அப்படி ஒன்று இல்லை. உயிருள்ள மானின் நுரையீரல் முதுகெலும்பை ஒட்டி நிறைந்திருக்கும். உண்மை என்னவென்றால், தோள்பகுதியில் முதுகெலும்பு வெளிக்கோட்டைவிட நன்றாகத் தாழ்ந்து ஓடுகிறது. அதன் மேல் உயரமான எலும்பு முட்களும் தசையும் மட்டுமே. அந்த முட்களில் குண்டு பட்டால் அதிர்ச்சியில் தண்டுவடம் சற்று நேரம் மரத்துப்போகும். மான் இடி விழுந்ததுபோல் சாயும். சுட்டவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கை குலுக்கிக்கொண்டிருக்கையில் எழுந்து ஓடிவிடும். நின்ற இடத்தில் விழுந்த மானைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். விழுந்த உடனே அடுத்த தோட்டாவை ஏற்றி, மான்மீதே குறியை வைத்துக் காத்திருப்பது கட்டாயம்.

தலையிலும் கழுத்திலும் சுடுவதைத் திறமையின் அடையாளமாகச் சிலர் சொல்வதுண்டு. மூளை 10 செ.மீ.-க்கும் குறைந்த இலக்கு. மானின் உடலில் ஓயாமல் அசைவதும் தலைதான். கொஞ்சம் முன்னால் பட்டால் தாடை உடையும். அந்த மான் மேயவும் முடியாமல் அசைபோடவும் முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும். கழுத்திலும் இதே கதைதான்: தண்டுவடம் மெல்லியது, அதைச் சுற்றியிருப்பதெல்லாம் தசை. குறுகிய தூரத்தில், உறுதியான தாங்கலுடன், பல ஆண்டு அனுபவமுள்ளவர் செய்வதைப் பற்றி இங்கே பேச்சில்லை. முதல் பருவத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டு குறிகளும் வேண்டாம்.

இனி குண்டு. தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி மூடி, உள்ளே மருந்து, நுனியில் குண்டு என நான்கும் சேர்ந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவது குழலின் அளவை. மான் சாகும் விதத்தை முடிவு செய்வது அந்த நுனிக் குண்டின் கட்டமைப்பு. ராணுவத் துப்பாக்கிகளுக்கான குண்டில் ஈயத்தின் மேல் செப்பு உறை முனை வரை மூடியிருக்கும். அது விரியாது, தசைக்குள் ஊசிபோல் நுழைந்து மறுபுறம் போய்விடும். 1890-களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரின் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர் முனை திறந்த குண்டுகளைச் செய்து எல்லைப் போர்களுக்கு அனுப்பினார்கள். 1899-இல் ஹேக் மாநாடு மனித உடலில் விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. அதே விரியும் குண்டைத்தான் மானுக்குக் கட்டாயமாக்கியது இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. போரில் காயம்பட்டவனுக்கு மருத்துவர் இருக்கிறார். காட்டில் காயம்பட்ட மானுக்கு யாரும் இல்லை.

விரியும் குண்டு மானின் உடலில் நுழைந்ததும் முனை மலர்ந்து, ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகிறது. 7.8 மி.மீ. குண்டு 14, 15 மி.மீ. ஆகி, நுரையீரலில் அகன்ற வழியைக் கிழித்துக்கொண்டு மறுபுறம் வெளியேற வேண்டும். இது இரண்டு வகையில் தவறலாம். உறை மெல்லியதாக இருந்தால், தோள் எலும்பில் பட்ட உடனே குண்டு நொறுங்கி, மேலாகப் பெரிய புண்ணை உண்டாக்கிவிட்டு உள்ளே போகாமலே நின்றுவிடும். நரிக்கும் முயலுக்கும் விற்கப்படும் குண்டுகள் இந்த வகை. குண்டு கடினமாக இருந்து, மான் சிறியதாகவோ தூரம் அதிகமாகவோ இருந்தால், விரியாமலே துளைத்துச் செல்லும். இன்னொரு வகையும் புதியவர்களை ஏமாற்றும்: பந்தயங்களில் காகித இலக்கைச் சுடுவதற்கான குண்டு. அதன் முனையிலும் சிறு துளை இருக்கும். அது துல்லியத்துக்காக, உற்பத்தி முறையின் விளைவாக வந்த துளை, விரிவதற்கானது அல்ல. பெட்டியில் என்ன விலங்குக்கு என்று எழுதியிருப்பதைப் படிப்பது, துளையைப் பார்த்து முடிவு செய்வதைவிட நல்லது.

முதல் கோளாறுக்குத் தீர்வு தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஜான் நோஸ்லர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு படிந்த பெரிய மூஸ் மான் ஒன்றின் தோளில் அவருடைய குண்டுகள் ஆழப் போகாமல் நொறுங்கின. அதன் விளைவாகக் குண்டின் நடுவே செப்புச் சுவர் ஒன்றை வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் முன்னேறவும் வழி செய்தார். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் கிடைக்கிறது. பிறகு ஈயத்தையும் உறையையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டுகள் வந்தன. முழுக்கச் செப்பாலேயே ஆன, முனை இதழ் இதழாக விரியும் குண்டை பார்ன்ஸ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்தது. 300 கிலோ வரை எடை வரக்கூடிய கடமான் கிடாவுக்கு இந்த மூன்று வகைகளில் ஒன்றே தகும். ஆட்டுக்குட்டி அளவேயுள்ள மானுக்கும் கடமானுக்கும் ஒரே பெட்டித் தோட்டா போதும் என்று நினைப்பது சிக்கனம் அல்ல.

குண்டு மறுபுறம் வெளியேறுவது ஏன் முக்கியம் என்பதைக் காட்டில் தேடியவர் அறிவார். நுழைந்த துளை சிறியது. குண்டு உள்ளேயே நின்றுவிட்டால் இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிரம்பும். வெளியே ஒரு சொட்டும் விழாமல் மான் நூறு மீட்டர் ஓடிப் புதருக்குள் சாகும். மறுபக்கத்தில் தாழ்வாக ஓர் அகன்ற துளை இருந்தால், இலைகளின் மேல் தடம் இருக்கும். கிழக்கு விக்டோரியாவிலுள்ள கிப்ஸ்லேண்டின் பள்ளத்தாக்குகளில் இடுப்பளவு பெரணியும் பிளாக்பெர்ரி முள்ளும் மண்டிய இடங்களில் தடமில்லாத மானைக் கண்டெடுப்பது தற்செயல்தான்.

இன்னொரு கட்டுக்கதையையும் இங்கேயே முடித்துவிடலாம்: பெரிய குண்டு மானைத் தூக்கி வீசும் என்பது. குண்டு முன்னே போகும் உந்தமும் துப்பாக்கி தோளில் உதைக்கும் உந்தமும் இயற்பியல் விதிப்படி ஏறத்தாழச் சமம். சுடுபவரை வீழ்த்தாத உதை, 200 கிலோ விலங்கையும் வீழ்த்தாது. மான் விழுவது நரம்பு அறுந்தோ இரத்தம் வடிந்தோதான்.

விக்டோரியாவின் விதிகள் மானின் அளவுக்கேற்பக் குறைந்தபட்ச வரம்பை வைத்திருக்கின்றன. கடமான், செம்மான், ரூசா ஆகிய பெரிய மான்களுக்கு .270 அங்குலக் குழலும் 130 கிரெய்ன் எடையுள்ள குண்டும் வேண்டும். அதாவது சுமார் 8.4 கிராம். புள்ளிமான், ஃபாலோ, ஹாக் மான் ஆகியவற்றுக்கு .243 அங்குலமும் 80 கிரெய்னும். இங்கிலாந்து வேறு வழியில் அளக்கிறது: பெரும்பாலான மான்களுக்கு .240 அங்குலக் குழலும், குழல்வாயில் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும். இவை சட்டத்தைத் தாண்டாமலிருப்பதற்கான அளவுகள். சிறந்த அளவுகள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விக்டோரியாவின் புதியவருக்கு 1925-இல் வந்த .270 வின்செஸ்டர், 1952-இல் வந்த .308 வின்செஸ்டர், 1906-இல் வந்த .30-06 ஆகிய மூன்றில் ஒன்று போதும். குதிரைபோல் உதைக்கும் மேக்னம் துப்பாக்கிகள் இதைவிட நன்றாகக் கொல்வதில்லை. உதைக்கு அஞ்சி விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம். தோள் தாங்கும் .308-இல் 150 அல்லது 165 கிரெய்ன் குண்டு, தோள் தாங்காத மேக்னத்தின் 200 கிரெய்ன் குண்டைவிடக் கருணையானது.

ஈயமா செப்பா என்ற கேள்வி கறியைச் சாப்பிடுபவர்களைப் பற்றியது. ஈயக்கருக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் சிதறுகிறது. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 30 மான்களின் உடல்களை எக்ஸ்ரே எடுத்தார்கள். குண்டு சென்ற வழியைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட துகள்கள் சாதாரணமாகத் தென்பட்டன. அந்த மான்களைக் கடைகளில் கொடுத்துக் கொத்துக்கறியாக்கி வாங்கியபோது, 30-இல் 24 மான்களின் கறிப் பொட்டலங்களில் உலோகத் துகள் இருந்தது. அந்தக் கறியைப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தத்தில் ஈய அளவு உயர்ந்தது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத்தை முற்றாகத் தடை செய்தது. ஈயத்தால் செத்துக்கொண்டிருந்த காண்டோர் கழுகுகள் அதற்குப் பெரிய காரணம். டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் ரைஃபிள் குண்டிலும் தடை கொண்டுவந்தது. செப்பால் மான் மெதுவாகச் சாகும் என்ற அச்சத்துக்கு டென்மார்க்கிலேயே 2016-இல் வெளியான கள ஆய்வு பதில் சொல்லிவிட்டது: அடிபட்டபின் மான் ஓடிய தூரத்தில் பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை.

செப்புக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. செப்பு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு நிலையாகச் சுழல, குழலின் உட்புரி நெருக்கமாக இருக்க வேண்டும். பழைய துப்பாக்கிகளுக்கு அது பொருந்தாமல் போகலாம். அதனால் வழக்கத்தைவிட ஒரு படி எடை குறைந்த குண்டைத் தேர்வது முறை. ஸ்காட்லாந்து 2023-இல் பெரிய மான்களுக்கான குறைந்தபட்ச எடையை 100 கிரெய்னிலிருந்து 80-ஆகக் குறைத்ததும் இதற்காகவே. விரிவதற்குச் செப்புக்கு வேகமும் கூடுதலாகத் தேவை. நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே வேகம் போய்விட்டால் பல செப்புக் குண்டுகள் அரைகுறையாகத்தான் மலரும். .308-இன் 150 கிரெய்ன் குண்டு குழலைவிட்டு ஏறக்குறைய 2,800 அடி வேகத்தில் கிளம்பி, 300 மீட்டரைத் தாண்டியதும் அந்த எல்லையை நெருங்கிவிடும்.

மான் நிற்கும் கோணம் அடுத்தது. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கான குறி முன்பே சொல்லப்பட்டது. பின்பக்கம் சற்றே சுடுபவரை நோக்கியிருக்க, தலை அப்பால் திரும்பி நிற்கும் கோணமும் நல்லதே. அப்போது தோலின் மேல் ஒரு புள்ளியைப் பார்க்காமல், அப்பாலுள்ள முன்னங்காலை மனத்தில் வைத்து, குண்டு அங்கே வெளியேறும்படி குறியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். எந்தக் கோணத்துக்கும் இதுவே விதி: நுழையும் இடத்தைவிட வெளியேறும் இடத்தை முதலில் முடிவு செய்வது. மலைச் சரிவில் மேலிருந்து கீழே சுடும்போது இந்த விதியை மறந்தால், ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுக் குண்டு அடிவயிற்றில் வெளியேறும். ஒற்றை நுரையீரலோடு மான் நெடுந்தூரம் போகும். நெஞ்சை நேராகக் காட்டி நிற்கும் மானில் இலக்கு குறுகியது. தலையை அசைத்துக்கொண்டு, ஓடத் தயாராகவும் நிற்கும். காத்திருந்தால் திரும்பும். பின்பக்கம் மட்டும் தெரியும் மானைச் சுடவே கூடாது. ஓடும் மானையும் அப்படித்தான்.

கடமான் ஆபத்தை உணர்ந்தால் காலைத் தரையில் தட்டி, உரத்த ஒலி எழுப்பும். அதற்குப் பிறகு நல்ல நிலையில் நிற்பது அரிது. அந்த ஒலியைக் கேட்டபின் அவசரமாகச் சுடப்படும் குண்டுகள்தான் வயிற்றிலும் தொடையிலும் போய்ப் படுகின்றன. இடையே கிளையோ கொடியோ இருந்தாலும் காத்திருக்க வேண்டும். புதரைக் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் குண்டு என்று எதுவும் செய்யப்படவில்லை. விரல் தடிமனுள்ள குச்சியே எந்தக் குண்டையும் திசை திருப்பும்.

தூரத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 200 மீட்டரைக் கடக்க .308 குண்டுக்குக் கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். மெதுவாக மேய்ந்தபடி நடக்கும் மான் நொடிக்கு 1.2 மீட்டர் நகர்கிறது என்று வைத்தால், விசையை இழுத்த கணத்தில் அது எடுத்த அடி, குண்டு போய்ச் சேருவதற்குள் 30 செ.மீ. ஆகிவிடும். உயிர்நிலையின் விட்டமோ 20 செ.மீ. நுரையீரலுக்கு வைத்த குறி இரைப்பையில் முடிய ஒரு காலடி போதும். குண்டு கீழிறங்குவதையும் சேர்க்க வேண்டும்: 100 மீட்டருக்குச் சரிபார்த்த துப்பாக்கியில் 200 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ. இறங்கும், 300 மீட்டரில் 35 செ.மீ.-க்கும் அதிகம். 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே படும்படி ஸ்கோப்பைத் திருத்தி வைத்தால், 200 மீட்டர் வரை மனக்கணக்கு தேவைப்படாது.

ஒருவருடைய தூர எல்லையைச் சுடுதளத்து மேசை சொல்லாது. மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்து 3 செ.மீ.-க்குள் சுடுபவரே, மலையேறி மூச்சிரைக்க, மரத்தில் சாய்ந்து நின்று சுடும்போது 20 செ.மீ. வட்டத்தைத் தவறவிடுவார். 20 செ.மீ. விட்டமுள்ள சாப்பாட்டுக் காகிதத் தட்டை வைத்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பார்க்க வேண்டும். தொடர்ந்து எல்லாக் குண்டுகளும் தட்டில் படும் தூரம் எதுவோ, அதுவே அவரது எல்லை. விக்டோரியாவின் அடர்காட்டில் பெரும்பாலான மான்கள் 100 மீட்டருக்குள்தான் தென்படும் என்பதால், அந்த எல்லை 120 மீட்டராக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. குண்டு சில கிலோமீட்டர் போகக்கூடியது. மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல், வானம் மட்டும் தெரியுமானால் அங்கே சுடக்கூடாது.

சுட்ட பிறகு நடப்பதில்தான் வேட்டைக்காரரின் தரம் தெரியும். முதல் வேலை அடுத்த தோட்டாவை ஏற்றுவது. மான் நின்றுகொண்டிருந்தால் மறுபடியும் சுட வேண்டும். ஒரே குண்டில் முடிந்தது என்ற பெருமை மானுக்குப் பயன்படாது. இரண்டாவது, அடிபட்ட கணத்தில் மான் என்ன செய்தது என்பதை நினைவில் வைப்பது. இதயத்திலோ நுரையீரலிலோ பட்ட மான் பெரும்பாலும் துள்ளி, காலை உதைத்து, தலை தாழ்த்தி வெறியோடு ஓடும். வயிற்றில் பட்டது முதுகைக் கூனி, தயங்கி நடக்கும். மூன்றாவது, நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் ஏதேனும் மரத்தை அடையாளம் வைத்துக் குறித்துக்கொண்டு, உடனே ஓடாமல் பொறுத்திருப்பது. நுரையீரல் கிழிந்த மானும் பத்து நொடி நினைவோடிருந்தால் நூறு மீட்டர் ஓடிவிடும். அது வழக்கமானதே, குறி தவறியதற்கு அடையாளம் அல்ல.

கால் மணி, அரை மணி கழித்து நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தால் இலைகள் சொல்லும். இளஞ்சிவப்பாக, நுரைகுமிழிகளோடு இரத்தம் இருந்தால் நுரையீரல். மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக நுரையின்றி இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பச்சை கலந்த நீர், மென்ற புல், புளித்த நாற்றம் இருந்தால் இரைப்பையிலோ குடலிலோ பட்டிருக்கிறது. அந்த மான் துரத்தப்படாவிட்டால் சில நூறு மீட்டருக்குள் படுத்துவிடும். துரத்தினால் மலை தாண்டிப் போகும். பல மணி நேரம் விட்டு, மோப்பம் பிடிக்கப் பழகிய நாயோடு தேடுவதுதான் வழி. இரத்தமே இல்லாவிட்டால் தவறவிட்டதாக முடிவு கட்டக் கூடாது. ஓடிய திசையில் குறைந்தது இருநூறு மீட்டராவது வட்டமிட்டுத் தேடிய பிறகே அப்படிச் சொல்லலாம். கடைசி வெளிச்சத்தில் சுடாதிருக்க இதுவும் ஒரு காரணம். விக்டோரியாவில் இரவில் விளக்கடித்து மான் சுடப் பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. இருட்டிய பின் காயம்பட்ட மானைத் தேடுவது எல்லா வகையிலும் சிக்கல்.

விழுந்து கிடக்கும் மானைப் பின்பக்கமாக, முதுகுப்புறத்திலிருந்து நெருங்க வேண்டும். நீளமான குச்சியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பது உறுதியான சோதனை: இமை அசையாவிட்டால் உயிர் இல்லை. செத்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கண்ணை மூடிக் கிடந்தால் கவனம். இமை அசைந்தால், அருகிலிருந்து நெஞ்சிலோ கழுத்தின் மேற்பகுதியிலோ இன்னொரு குண்டு. கத்தியை எடுத்துக்கொண்டு காயம்பட்ட கிடாவிடம் போவது முட்டாள்தனம்.

பெண் மானைச் சுடுவதில் ஒரு தனிக் கேள்வி உண்டு. கடமானுக்கு விக்டோரியாவில் குறிப்பிட்ட ஈனும் பருவம் இல்லை. ஆண்டில் எந்த மாதத்திலும் பால்குடிக்கும் கன்று இருக்கலாம். தாயைச் சுட்டால் கன்று பசியால் மெல்லச் சாகும். சுடுமுன் சில நிமிடம் கூர்ந்து பார்த்தால், பின்னால் புதரில் கன்று நிற்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டையும் எடுக்க முடிவு செய்தால் கன்றை முதலில் சுட வேண்டும். கேட்கக் கடினமாக இருந்தாலும் அதுதான் சரியான வரிசை. அதற்கு மனம் ஒப்பாதவர் தாயையும் விட்டுவிட வேண்டும்.

மானை உரித்துப் பிரிக்கும் வேலையை யாரிடமும் ஒப்படைத்துவிட வேண்டாம் என்பது இம்மடலின் வேண்டுகோள். குண்டு எந்த விலாவுக்கிடையே நுழைந்தது, இரண்டு நுரையீரலையும் தொட்டதா, எங்கே வெளியேறியது, வெளியேறாவிட்டால் எந்தத் தோலுக்கடியில் என்ன வடிவில் நின்றது என்று பாருங்கள். புண்ணைச் சுற்றி ஒரு சாண் கறியை வெட்டி எறியுங்கள். ஈயக் குண்டானால் இன்னும் அதிகம். அடுத்த பெட்டித் தோட்டா வாங்கப் போகும்போது கடைக்காரர் சொல்வதைவிட, அங்கே பார்த்ததை வைத்து முடிவு செய்யுங்கள்.